வேல்விழியும் முன் ஹவுசிங்கும்

“மொதல்ல வாயத் தெறக்கணும்ணே. அப்புறந்தான் வயித்தத் தெறக்கணும்” என்று பிக்கப்புக்கு அடியில் படுத்தபடியே சொல்லிக்கொண்டு, வேல்விழி மேல் போல்ட்டில் ஸ்பானரை மாட்டுகிறாள். போல்ட் அசைவேனா என்கிறது. ஸ்பானரின் வாலில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கி, குதிகாலால் ஓர் உதை விடுகிறாள். டக்கென்று சத்தம் கேட்கிறது. “வந்துட்டியா ராசாத்தி” என்கிறாள். என்னையோ தன் புருஷனையோ அல்ல, போல்ட்டைத்தான் அப்படிக் கொஞ்சுகிறாள்.

முன்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவில் பரங்கிக்காய் அளவுக்கு ஓர் இரும்பு உருண்டை இருக்கிறதே, அதற்குப் புத்தகத்தில் டிஃபரென்ஷியல் என்று பெயர். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் அது ‘ஹவுசிங்’. எல்லா வண்டிக்கும் பின்னால் ஒன்று உண்டு. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி என்றால் முன்னாலும் ஒன்று. உள்ளே பல்சக்கரங்கள் ஆயிலில் நனைந்தபடி சுற்றும். ஆயில் ஊற்ற மேலே ஒரு போல்ட், வடிக்கக் கீழே ஒரு போல்ட். ஆயில் மாற்றுகிறேன் என்று அடியில் நுழைகிறவர்கள் எல்லோரும் ஆசையாகக் கீழ் போல்ட்டைத்தான் முதலில் கழற்றுவார்கள். பழைய ஆயில் பூராவும் வடிந்துபோன பிறகு, மேல் போல்ட் துருவேறிப்போய்த் திறக்காவிட்டால்? பழசும் போச்சு, புதுசும் ஊற்ற முடியாது. எங்கள் தெரு வினோத்ராஜ் அப்படித்தான் மாட்டிக்கொண்டான். அவனுடைய ஜீப் வயிறு காலியாகி வாசலிலேயே நின்றது, அதன் சீட்டில் கோழி முட்டை வைக்க ஆரம்பித்தது. கடைசியில் வேல்விழி போய் உளி வைத்துத் தட்டித் தட்டி அந்தப் போல்ட்டைக் கழற்றிக்கொடுத்தாள். கூலி வேண்டாம் என்றாள். முட்டைகளை மட்டும் விடாமல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

எனக்கு ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம். குடியிருப்பது மார்க்கையன்கோட்டையில், வேல்விழி வீட்டுக்கு எதிர் வரிசை. பழம் அறுத்துப் பெட்டியில் அடுக்கிவிட்டு வண்டிக்குக் காத்திருக்கிற பொறுமை எனக்குக் கிடையாது, வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பேன். அப்படிக் குதித்த ஒரு நாளில்தான் வேல்விழியின் வண்டி எனக்குப் பழக்கமானது. “ஏண்ணே, திராச்சைக்குக் கோவம் வராதுண்ணே, ஒங்களுக்கு ஏன் வருது?” என்று கேட்டுக்கொண்டே பெட்டிகளை ஏற்றினாள். ஒரு பழம் நசுங்காமல் தேனி மார்க்கெட்டில் இறங்கியது. அன்றிலிருந்து வேறு வண்டியை நான் கூப்பிட்டதில்லை. வேறு யாரிடமும் திட்டும் வாங்கியதில்லை.

திராட்சை எல்லாம் அவளுக்கு உபரி வேலைதான். தினமும் விடியுமுன் எட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு உத்தமபாளையம், கம்பம் வழியாகக் கம்பம் மெட்டு ஏறி, அந்தப் பக்கம் கேரளத்து ஏலத்தோட்டம் ஒன்றில் விடுவாள். சாயங்காலம் அவர்களைக் கூட்டிக்கொண்டு இறங்குவாள். இந்தப் பாதையில் பெண்களை ஏற்றுகிற ஜீப்புகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஆள்மேல் ஆள், மடிமேல் தூக்குவாளி, பின்படியில் இருவர், கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பும்போது மொத்தப் பேரும் ஒரு பக்கமாகச் சாய்வார்கள். வேல்விழியும் பல வருஷம் அப்படிச் சாய்ந்தவள்தான். காய் பறிக்கப் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் டிரைவர் ஒரு கையில் போனும் ஒரு கையில் ஸ்டியரிங்குமாக வளைவு திரும்பியபோது, பின்னாலிருந்து எட்டி அவன் போனைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். மறுநாள் அவளை அந்த ஜீப்பில் ஏற்றவில்லை. “நீ ஏத்தாட்டிப் போடா, நானே ஓட்டிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு வந்தவள், சொன்னபடி ஓட்டக் கற்றுக்கொண்டு, ஒரு பழைய பிக்கப்பையும் வாங்கிவிட்டாள். பின்னால் பலகை பெஞ்சு, மேலே தார்ப்பாய், பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி. எட்டுப் பேருக்கு மேல் ஒரு கைக்குழந்தைகூட ஏற முடியாது. “எங்க வேணா ஒக்காந்துக்கிறேன்” என்று கெஞ்சுகிறவர்களிடம், “வீட்ல ஒக்காந்துக்கிரு” என்பாள்.

புருஷன் ராஜபாண்டி டெய்லர். பேச்சு குறைவு, பிரியம் அதிகம். வேல்விழி வண்டிக்கு அடியில் படுப்பதற்கென்றே அவன் கனத்த துணியில் ஒரு பேன்ட் தைத்துக்கொடுத்திருக்கிறான். தொடையில் ஸ்பானருக்கு ஒரு பை, முழங்காலுக்கு உள்ளே பஞ்சு வைத்த ஒட்டு, இடுப்பில் கந்தைத்துணி தொங்கவிட ஒரு வளையம். ஊரில் உள்ள மெக்கானிக்குகள் எல்லாம் அதே மாதிரி கேட்டுப் பார்த்துவிட்டார்கள். அவன் தைத்துத் தரவில்லை. “அது அளவு வேற” என்று ஒரே பதில்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேல்விழி முன் ஹவுசிங்கைத் திறந்து பார்ப்பாள். பார்க்கும் முறையே தனி. முதலில் சின்னமனூர் வரை ஒரு நடை ஓட்டிவிட்டு வருவாள், ஆயில் சூடாகி இளகட்டும் என்று. பிறகு மேல் போல்ட். பிறகு ஓட்டை விழுந்து ஈயம் வைத்து அடைத்த ஓர் இட்லிச் சட்டியை அடியில் தள்ளிக் கீழ் போல்ட். வடிகிற ஆயிலை இரண்டு விரலில் தொட்டுத் தேய்ப்பாள், மோந்து பார்ப்பாள், வெயிலில் நீட்டிப் பார்ப்பாள். கருத்திருந்தால் தலையாட்டுவாள். கீழ் போல்ட்டின் முனையில் ஒரு காந்தம் உண்டு. உள்ளே உதிர்கிற இரும்புத்தூள் அதில் வந்து ஒட்டியிருக்கும். அதைக் கந்தையில் துடைத்து, ஊர்க்காரி மூக்குத்தியைப் பார்ப்பது போல அங்கேயும் இங்கேயும் திருப்பிப் பார்ப்பாள். புது ஆயில் ஊற்றுவதற்கு அவள் வைத்திருப்பது என் தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாயில் ஒரு முழம். என்னைக் கேட்காமலே வெட்டிக்கொண்டு வந்தது. குழாயின் ஒரு முனை ஆயில் பாட்டிலில், மறு முனை மேல் ஓட்டையில். பாட்டிலை பானட்டில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு டீ குடிப்பாள். ஓட்டையில் ஆயில் விளிம்புதட்டி வழிய ஆரம்பித்ததும், “வகுறு நெறஞ்சிருச்சு” என்று மூடிவிடுவாள்.

“இம்புட்டு மெனக்கெடணுமா? முன்னாடி இருக்கறது சும்மாதானே கெடக்கு?” என்று ஒருநாள் கேட்டேன். தார் ரோட்டில் பின்சக்கரம் இழுத்தாலே போதும் என்பது எனக்கும் தெரியும்.

“யாருக்கு சும்மா கெடக்கு? எங்க அன்னத்தாயக்காவுக்கு அதுதாண்ணே காலு” என்றாள்.

அன்னத்தாயை அந்த வண்டியில் வருகிறவர்களுக்குள் மூத்தவர் என்று சொல்லலாம், வாயில் மூத்தவர் என்றும் சொல்லலாம். ஒல்லி ஆள், குரல் மட்டும் எட்டு வீட்டுக்குக் கேட்கும். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. குனிந்து காய் பறிக்க முடியாது. அதனால் தோட்டத்து ஸ்டோரில், உலர்ந்த ஏலக்காயைத் தரம் பிரிக்கிற வேலையைக் கெஞ்சி வாங்கியிருக்கிறார். உட்கார்ந்து செய்கிற வேலை. அந்த இடத்துக்கு ஆசைப்படுகிற ஆட்கள் நிறைய. ஸ்டோரோ தோட்டத்து கேட்டிலிருந்து ஒரு செங்குத்து மண்பாதைக்கு மேலே இருக்கிறது. மழைக்காலத்தில் அந்தப் பாதை முழங்கால் சகதி. மற்ற வண்டிகள் கேட்டிலேயே ஆளை இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். வேல்விழி மட்டும் இறங்கி முன்சக்கரத்தின் நடுவில் இருக்கிற குமிழைத் திருகி, உள்ளே ஏறி லீவரைப் போட்டு, நான்கு சக்கரமும் மண்ணைக் கவ்வ உறுமிக்கொண்டு மேலே போவாள். ஸ்டோர் வாசலில் அன்னத்தாய் இறங்கி, செருப்பில் சகதி படாமல் உள்ளே போவார்.

இந்த அக்டோபரில்தான் அந்த முன் ஹவுசிங்குக்குக் கேடு வந்தது. கேடு செய்தது ராஜபாண்டியின் பிரியம்.

ஆயுதபூஜைக்கு முந்தின சாயங்காலம் எங்கள் ஊரில் ஆற்றைப் பார்க்க வேண்டும். முல்லையாற்றில் பாலத்துக்குக் கீழே ஜீப், டிராக்டர், ஆட்டோ, பிக்கப் எல்லாம் வரிசையாக இறங்கி நிற்கும். மலையிலிருந்து வந்த கையோடு வண்டியைத் தண்ணீரில் விட்டு, மாட்டைக் குளிப்பாட்டுவது போலத் தேய்ப்பார்கள். வேல்விழிக்கு அன்று நல்ல தலைவலி. வந்ததும் படுத்துவிட்டாள். வருஷம் பூராவும் உழைத்த வண்டி, பொண்டாட்டிக்குச் சோறு போடுகிற வண்டி, நாம் குளிப்பாட்டுவோம் என்று ராஜபாண்டி சாவியை எடுத்துக்கொண்டு போனான். மலை இறங்கிய சூடு ஆறுமுன்னே ஆற்றுக்குள் இறக்கினான். சக்கரம் பாதி முழுகுகிற ஆழம். ஷாம்பு போட்டுத் தேய்த்தான். சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழம். மறுநாள் தெருவிலேயே அழகான வண்டி அதுதான். வேல்விழி சுற்றி வந்து பார்த்துவிட்டு, “என்னயக்கூட இப்பிடிச் சோடிச்சது இல்லை” என்றாள். அவன் வெட்கப்பட்டான்.

லீவு முடிந்து மலை ஏற ஆரம்பித்தார்கள். வாரக் கடைசியில், மண்பாதையில் லீவரைப் போட்டதும் முன்னாலிருந்து ஓர் உறுமல் கேட்டதாம். ஞாயிற்றுக்கிழமை நான் பெட்டி ஏற்றுவது பற்றிப் பேசப் போனபோது அவள் வண்டிக்கு அடியில் இருந்தாள். ராஜபாண்டி கழுத்தில் டேப்போடு பக்கத்தில் நின்றான். மேல் போல்ட் திறந்தது. கீழ் போல்ட் திறந்தது. இட்லிச் சட்டியில் விழுந்தது ஆயில் அல்ல. கடையில் ஆற்றி ஊற்றின டீ மாதிரி பழுப்பாக, நுரையோடு வந்தது.

அடியில் அவள் அதை இரண்டு விரலில் தொட்டுத் தேய்த்து மோந்து பார்த்தாள்.

“என்ன வேலு?” என்றேன்.

“தண்ணி குடிச்சிருக்குண்ணே” என்றாள் மெதுவாக. “ஹவுசிங் சூடா இருக்கறப்ப உள்ள காத்து உப்பியிருக்கும். அப்பிடியே பச்சத்தண்ணில எறக்குனா காத்து சுருங்கும். சுருங்கும்போது எங்கன சந்து இருக்கோ அங்கன தண்ணிய உறிஞ்சிக்கிரும்.”

ராஜபாண்டியின் முகம் செத்துப்போனது. டேப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். எங்கள் பள்ளத்தாக்கில் பாதி வண்டிகள் இப்படித்தான் கெட்டுப்போகின்றன, பூஜைக்கு மறுமாசம் மெக்கானிக்குகளுக்குத்தான் திருவிழா. ஆனால் யாரும் இதையும் அதையும் முடிச்சுப்போட்டுப் பார்ப்பதில்லை. நானும்தான் என் வண்டியைப் போன வருஷம் ஆற்றில் விட்டேன். அதை அந்த இடத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காந்தத்தில் தூள் மட்டும் இல்லை, நகக்கண் அளவுக்கு இரும்புச் சிலாம்பும் ஒட்டியிருந்தது. வேல்விழி முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினாள். திருப்புளியின் முனையை ஹவுசிங்கில் ஊன்றி, கைப்பிடியைத் தன் காதில் வைத்துக்கொண்டு, “சக்கரத்தச் சுத்துங்க” என்று ராஜபாண்டியிடம் சொன்னாள். அவன் சுற்றினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அம்மிக்கல்லில் மணலைப் போட்டு அரைப்பது போன்ற சத்தம் வெளியே நின்ற எனக்கே லேசாகக் கேட்டது.

உத்தமபாளையத்தில் இருக்கிற மெக்கானிக் அஸ்லமுக்கு உடனே போன் போட்டாள். உள்ளே பல்சக்கரங்களைத் தாங்குகிற பேரிங் போயிருந்தது. அதை மாற்றுவது தன் வேலை இல்லை என்று அவளுக்குத் தெரியும், அதில் வீம்பு பிடிக்க மாட்டாள். அஸ்லம், “மதுரைலருந்து பேரிங் வரணும்க்கா, வியாழக்கிழமை ஆயிரும். அதுவரைக்கும் முன்சக்கரத்துக்கு இழுவை குடுத்துறாதீக. பிடிச்சு நின்னுச்சுன்னா வண்டி ஒங்க பேச்சக் கேக்காது” என்றான்.

அந்த நேரம் பார்த்துத்தான் அன்னத்தாய் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். யார் சொன்னார்களோ, எங்கள் தெருவில் செய்திக்குக் கால் உண்டு.

“என்னடி, வண்டி படுத்திருச்சாமே?”

“படுக்கலக்கா. பின்சக்கரம் நல்லா இருக்கு. நாளைக்கு மலைக்குப் போகலாம். கேட்டு வரைக்கும்.”

“கேட்டு வரைக்குமா? நான்?”

வேல்விழி வெளியே வந்து உட்கார்ந்தாள். “மண்பாதைல லீவரப் போட முடியாதுக்கா. வியாழக்கிழமை வரைக்கும்.”

“வியாழக்கிழமை வரைக்கும் நான் வீட்ல கெடந்தா சூப்பர்வைசர் என்ன செய்வான் தெரியும்ல? ‘அம்மச்சி இனி வரண்டா’, வர வேணாம்னு மலையாளத்துல சொல்லிட்டு அந்த எடத்துல வேற ஒருத்திய ஒக்கார வச்சிருவான். பறிப்பு நேரம், ஒரு நாள் எடம் காலியா கெடக்காது. எனக்கு அந்த வேலை போச்சுன்னா குனிஞ்சு செய்யுற வேலை எதுவும் ஆகாதுடி.” அவர் குரல் உடைந்தது. உடைந்ததை மறைக்க இன்னும் சத்தம் போட்டார். “ஒரே ஒரு ஏத்தம்! அரை நாழி! நாளைக்கு மட்டும் போட்டு இழுத்துவிடு, உசுரா போயிரும்?”

“போகும்க்கா” என்றாள் வேல்விழி. “அந்த வளைவுல சகதி. முன்சக்கரம் பிடிச்சு நின்னா வண்டி கெழக்க சறுக்கும். கெழக்க என்ன இருக்குன்னு ஒனக்குத் தெரியும். போட மாட்டேன்.”

“அது எப்பிடி அதுக்குள்ள தண்ணி போச்சு? கழிசடை, எவன் விட்டான் அதுக்குள்ள தண்ணிய?”

ராஜபாண்டி ஓர் அடி முன்னால் வந்தான். “நாந்...” என்று வாயெடுத்தான்.

“அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பானர எடுங்க!” என்று வேல்விழி ஒரு சத்தம் போட்டாளே பார்க்கணும். நானே திடுக்கிட்டேன். ராஜபாண்டி ஸ்பானரைத் தேடிக் குனிந்தான். அவள் அன்னத்தாயிடம் திரும்பி, “பழைய வண்டி, சீலு தேஞ்சிருச்சு. நாந்தான் முன்னாடியே மாத்தியிருக்கணும்” என்றாள்.

“அப்ப உன் வண்டி எனக்கு எதுக்குடி?” என்று சொல்லிவிட்டு அன்னத்தாய் திரும்பி நடந்தார். ஒவ்வோர் எட்டுக்கும் கம்பு தரையில் குத்துகிற சத்தம் தெருமுனை வரை கேட்டது. வேல்விழி அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

பிறகு எழுந்து வேலையை முடித்தாள். ஓட விடப்போவதில்லை என்றாலும் அந்த ஹவுசிங்கை அவள் அப்படியே விடவில்லை. கொஞ்சம் ஆயில் ஊற்றி, சக்கரத்தைச் சுற்றி, வடித்தாள். மறுபடியும் டீ நிறந்தான். இன்னொரு தடவை ஊற்றி வடித்தாள். இப்போது சாம்பல் நிறம். கடைசியில் ஊற்றினது ஊற்றினபடியே தெளிவாக வந்தது. அதற்கப்புறம் விளிம்பு வரை நிறைத்து மூடினாள். “நாலு நாளைக்கு ஈரத்தோட விட்டா மிச்சப் பல்லும் துருப்பிடிச்சிரும்ணே” என்றாள். முன்சக்கரக் குமிழ்கள் இரண்டையும் திருகி, முன் ஹவுசிங்குக்கும் சக்கரத்துக்கும் இருந்த பிடியை விடுவித்தாள். இனி அது ஓய்வாகத் தொங்கும், பின்சக்கரம் இழுத்துக்கொள்ளும்.

ராஜபாண்டி டீ கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தான். போகாமல் நின்றான்.

“நாந்தான் ஆத்துல...” என்றான்.

“தெரியும்.”

“எப்பத் தெரியும்?”

“ஆயிலப் பாத்தப்பவே. மண்ணு கெடந்துச்சுல்ல சட்டில, ஆத்து மண்ணு.”

“பெறகு ஏன் அன்னத்தாயக்காட்ட சொல்லல?”

“சொன்னா பேரிங் வந்துருமா? அந்தக்கா ஒரு வருசத்துக்கு ஒங்களத் தெருவுல வச்சுப் பாடும்.” டீயை ஒரு மடக்குக் குடித்தாள். “ஒங்க கை பட்டு அந்த வண்டி அம்புட்டு அழகா இருந்துச்சு. அது பொய்யா போயிருமா?”

நான் மெல்ல நழுவினேன். அந்த இடத்தில் மூன்றாவது ஆளுக்கு வேலை இல்லை.

மறுநாள் எனக்கு மேலே ஏலக்காய் வியாபாரி ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு புளுகு புளுகி வண்டியில் ஏறிக்கொண்டேன். உண்மையில் எனக்கு அன்னத்தாய் என்ன ஆவார் என்று தெரிய வேண்டும், அதுவரை தூக்கம் வரவில்லை. பஸ் ஸ்டாப்பில் ஆறு பெண்கள் நின்றார்கள், அன்று லீவு போட்ட ஒருத்தியின் கணக்கில்தான் நான். அன்னத்தாய் இல்லை. வேல்விழி வண்டியைத் திருப்பி, அன்னத்தாயின் சந்துக்குள் நுழைத்து, ஹாரனில் கையை வைத்தாள். எடுக்கவே இல்லை. நாய்கள் குரைத்தன, விளக்குகள் எரிந்தன, யாரோ யாருடைய ஆத்தாளையோ திட்டினார்கள். கதவைத் திறந்துகொண்டு அன்னத்தாய் வந்து, “எழவு வீட்டுச் சங்கு மாதிரி ஊதுறியே, அறிவிருக்காடி?” என்றார்.

“தூக்குவாளிய எடுத்துட்டு வாக்கா. நேரமாச்சு.”

“வந்து? கேட்டுல ஒக்காந்து காவலா காக்கணும்?”

“நீ மொதல்ல வா.”

“என்னத்துக்குடி வரச் சொல்ற? சொல்லு!”

“வாக்கா” என்றாள் வேல்விழி. அவ்வளவுதான். அன்னத்தாய் முனகிக்கொண்டே உள்ளே போய்த் தூக்குவாளியோடு வந்தார். வழக்கமாக டிரைவர் பக்கத்து சீட் அவருடையது. அன்று அதில் உட்காராமல் பின்னால் போய்ப் பலகையில் உட்கார்ந்தார். அந்தக் கோபத்தினால் எனக்கு முன் சீட் கிடைத்தது.

மெட்டு ஏறும்போது வேல்விழி ஒவ்வொரு வளைவிலும் காதை முன்சக்கரத்துப் பக்கம் சாய்த்துக் கேட்டாள். சத்தம் இல்லை. மேலே பனி கட்டியிருந்தது. செக்போஸ்ட் தாண்டி மலையாளப் போர்டுகள் வந்தன, தேயிலை வந்தது, ஏலத்தோட்டங்களின் நிழல் வந்தது. முந்தின ராத்திரி மழை பெய்திருக்க வேண்டும், ரோட்டோரக் கால்வாய்கள் சிவப்பாக ஓடின. தோட்டத்து கேட்டில் தார் ரோடு முடிந்தது. அங்கிருந்து மேலே பார்த்தால் அந்த மண்பாதை. சத்தியமாகச் சொல்கிறேன், அதைப் பாதை என்று சொல்ல மனசு வராது. சிவப்புச் சகதி செங்குத்தாக வழுக்கிக்கொண்டு மேலே போய் ஒரு வளைவில் மறைந்தது. கிழக்குப் பக்கம் ஓடைப் பள்ளம்.

பெண்கள் இறங்கினார்கள். சேலையை முழங்காலுக்குமேல் தூக்கிச் செருகி, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏற ஆரம்பித்தார்கள். ஒருத்தி திரும்பி அன்னத்தாயைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேலே எங்கோ ஸ்டோரில் மணி அடித்தது. வேலை தொடங்குகிற மணி.

அன்னத்தாய் வண்டியின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். அதுவரை திட்டிக்கொண்டே வந்தவர் இப்போது திட்டவில்லை. மண்பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது. “சரி விடு வேலு. நீ என்ன செய்வ” என்றார். அந்தக் குரலைக் கேட்டதும், அவர் திட்டுவதே எவ்வளவோ தேவலை என்று எனக்குப் பட்டது.

வேல்விழி என்ஜினை அணைத்தாள். இறங்கிப் பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டை கொடுத்தாள். செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் போட்டாள். பின்னால் வந்து, அன்னத்தாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் குத்தவைத்தாள்.

“ஏறுக்கா.”

“என்னடி இது?”

“கழுத்தக் கட்டிக்கோ. ஏறு.”

“போடி கிறுக்கி! நான் என்ன ஏலக்கா மூட்டையா?”

“மூட்டையா இருந்தா தலைல வச்சிருப்பேன். வாய மூடிட்டு ஏறு, மணி அடிச்சிருச்சு.”

“வழுக்குச்சுன்னா ரெண்டு பேரும் போயிருவோம்டி.”

“வழுக்காது. நெருக்கிப் புடிச்சிக்கிரு.”

அன்னத்தாய் என்னைப் பார்த்தார். நான் வேறு எங்கோ பார்த்தேன், வேறு என்ன செய்வது. தூக்குவாளியை என் கையில் திணித்தார். கம்பையும் கொடுத்தார். பிறகு அந்த ஒல்லியான கைகள் வேல்விழியின் கழுத்தைச் சுற்றின. வேல்விழி இரண்டு கையையும் பின்னால் கோத்துக்கொண்டு எழுந்தாள், ஒருதரம் குலுக்கி மேலே ஏற்றிக்கொண்டாள், வெறுங்காலைச் சகதியில் ஊன்றினாள்.